கேட்கக் கூடாத சாமான்

ஜனவரி 3, சனி

விடுதிக் கட்டில்களுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி மருந்து அடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். வழக்கமாக வருடத்தின் முதல் குறிப்பில் ‘இந்த வருடம் தொப்பையைக் குறைப்பேன்’ என்று எழுதுவேன். இந்த வருடம் எழுதவில்லை. மையாவது மிஞ்சட்டும்.

கடுகு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். என் ஒரே மகள். ஆள் சிறுத்தது, காரம் குறையாதது, அதனால் அந்தப் பெயர். எங்கள் பள்ளிக்கு வருடம் ஜனவரியில்தான் தொடங்கும். நாளையிலிருந்து இங்கே ஆறாம் வகுப்பு, சின்னப் பெண்கள் விடுதியில் வாசம். எங்கள் வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் அந்த விடுதிக் கூரையில் விழும். ஆனாலும் பெட்டி கட்டித்தான் போக வேண்டும். பள்ளியின் விதி அப்படி: ஆசிரியர் பிள்ளையானாலும் விடுதியில்தான் படுக்க வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கும் முதல் பார்வையாளர் ஞாயிறு வரை வீட்டுக்கு வரக்கூடாது, அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் மட்டும். வளாகத்துக்குள் அப்பா கிடையாது, சார்தான்.

இந்த விதி நிறைவேறிய கூட்டத்தில் மேசையைத் தட்டி ஆமோதித்தவன் நான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

இவள் அம்மா செவிலி. ஒரு வருட ஒப்பந்தத்தில் கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. போன மாதம் இந்த வீட்டில் குளியலறைக்கு மூன்று பேர் சண்டை போட்டோம். நாளையிலிருந்து குளியலறை முழுக்க என் ராஜ்ஜியம்.

ஜனவரி 4, ஞாயிறு

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசல் வரை போனேன். மேட்ரன் நின்றிருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைரன். குரலைக் கேட்டவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

கடுகு என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள்.

“குடுங்க சார். நான் தூக்கிக்கறேன்.”

சார்! விதி நாளைக் காலை மணியடித்த பிறகுதான் அமலுக்கு வரும் என்று நான் எண்ணியிருந்தேன். என் மகள் ஒரு நாள் முன்கூட்டியே சட்டத்தை மதித்துவிட்டாள். யார் வளர்ப்பு!

மாலையில் புதுப் பிள்ளைகளுக்கு விடுதி வழக்கங்களை விளக்குவது வருடாவருடம் வார்டனான என் வேலை. மணி, குளியல், செருப்பு அடுக்கும் வரிசை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்வேன். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு சாமானைப் படுக்கையில் வைத்துக்கொள்ளலாம். கிழிந்த பொம்மையோ, உடைந்த கைக்கடிகாரமோ, எதுவானாலும் சரி. அது என்ன, எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது, தொடக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவர்களாக ஒருநாள் பெட்டிக்குள் வைக்கும்வரை அதற்குப் பெயர் ‘கேட்கக் கூடாத சாமான்’. இந்த ஒரு விதியை மட்டும் எந்தப் போக்கிரியும் இதுவரை மீறியதில்லை என்று இன்றும் மார்தட்டினேன்.

கடுகின் சாமான் என்னவென்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவின் பழைய நீலக் கம்பளி சாக்ஸ். ஒற்றை. குதிகாலில் ஓட்டை. அம்மா கிளம்பிய நாளிலிருந்து அதைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஜனவரி 6, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டில் என் குரலை நானே கேட்கவில்லை. இன்று குளிர்ப்பெட்டியைத் திறந்து “என்ன இருக்கு?” என்று கேட்டேன். பதில் வந்திருந்தால் பயந்திருப்பேன். வராததில் கொஞ்சம் வருத்தம்.

ஜனவரி 8, வியாழன்

சாப்பாட்டுக் கூடத்து நடைமுறையைப் பற்றி யோசித்தேன். பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசைக்கும் தலையில் ஒரு ஆசிரியர். பிள்ளைகள் இடம் மாற மாட்டார்கள், நாங்கள் திங்கள்தோறும் அடுத்த மேசைக்கு நகர்வோம், கடிகார முள் மாதிரி. நான் இப்போது நாலாம் மேசை. கடுகு ஆறாம் மேசை. பத்தொன்பதாம் தேதி நான் அவள் மேசைக்கு வந்துவிடுவேன். ஒரு வாரம் முழுக்க, மூன்று வேளை, ஒரே மேசை! சார் என்றே கூப்பிடட்டும். உப்பை நகர்த்தச் சொல்லியாவது கூப்பிடுவாள் அல்லவா.

இதை இயற்பியல் வாத்தியாரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், பிள்ளைகள் வைத்த பெயர் மின்கம்பம். அவர் மகனும் இதே விதியில் வதங்கி இப்போது பன்னிரண்டாவதுக்கு வந்துவிட்டான்.

“முதல் மாசம்தாம்யா கஷ்டம்” என்றார்.

“பிள்ளைக்கா?”

“பிள்ளைக்குன்னு யார் சொன்னா? எனக்கு.”

வம்பு ஒன்று: கணக்கு வாத்தியார் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். காது வரை கறுப்பு. முழு ஆசிரியர் அறையும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுகிறது.

ஜனவரி 10, சனி

இன்று கொடி நாட்டிவிட்டேன்!

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் எனக்கு. பல வருட வழக்கம். நான் ஏறினாலே பிள்ளைகள் சிரிக்கத் தயாராவார்கள். காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டு, “புதுசுங்க நிறைய அழுது. கொஞ்சம் சிரிக்க வைங்க” என்றார். என்னிடம் சரக்கு எதுவும் இல்லை. மேடை ஏறும்வரை ஒன்றும் தோன்றவில்லை. ஏறியதும் தானாக வந்தது.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்க. பழைய சாக்ஸை மோந்து பார்த்தாதான் தூக்கம் வரும். சாக்ஸுக்குச் சொந்தக்காரங்க ஒரு நாட்டுல, மூக்குக்குச் சொந்தக்காரங்க ஒரு நாட்டுல. நடுவுல கடல். ஆனா வாசனைக்கு விசா வேணாம் பாருங்க!”

கூடம் அதிர்ந்தது. விடவில்லை நான். ஒற்றை சாக்ஸ் என்றேன். இன்னொன்று அந்த நாட்டில் இதைத் தேடி அழுகிறது என்றேன். கைக்குட்டையை சாக்ஸாகச் சுருட்டி மூக்கில் வைத்துக் குறட்டை விட்டுக் காட்டினேன். அழுதுகொண்டிருந்த பொடிசுகளெல்லாம் பெஞ்சைத் தட்டின. ஆறாம் வகுப்பு வரிசையில் கடுகும் சிரித்ததைப் பார்த்தேன். எல்லாப் பல்லும் தெரிந்தது.

பெயர் சொல்லவில்லையே. யாருக்குத் தெரியப்போகிறது? எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற வேடிக்கை. கூட்டத்துக்கு நடுவில் அவளுக்குக் கண்ணடித்த மாதிரி.

ஜனவரி 12, திங்கள்

சைரன் ஆசிரியர் அறைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

“சார், உங்க பொண்ணைப் பத்தி. சொல்லலாமா கூடாதான்னு தெரியல.”

“சொல்லுங்க.”

“அந்த ரூம்ல பன்னண்டு பேரு படுக்கறாங்க சார். எல்லாருக்கும் கண்ணு இருக்கு. சாக்ஸ் யாருதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சீங்களா?”

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டதாம். ‘சாக்ஸ்.’ வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாளாம். சனி மாலையே கடுகு அந்த சாக்ஸைச் சுருட்டிக் கொண்டுபோய் மேட்ரன் மேசையில் வைத்து, “இது எனக்கு வேண்டாம் மிஸ், கீழே கிடந்துச்சு” என்றாளாம். இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள்.

“அவ சிரிச்சாளே, நான் பார்த்தேனே” என்றேன்.

“சிரிக்காம? சிரிக்கலேன்னா அவதான்னு தெரிஞ்சிடுமே சார்.”

பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எந்தப் போக்கிரியும் மீறாத விதி என்று மார்தட்டினேன். போக்கிரி மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது தவளையாக இருந்தால் பரவாயில்லை. தவளைக் குஞ்சு அல்லவா கெட்டது.

சே. என்ன பண்ணிட்டேன் நான்.

ஜனவரி 14, புதன்

நூலகத்துக்கு வெளியே தனியாக வந்தாள். நான் வேண்டுமென்றே அங்கே நின்றிருந்தேன். அறிவிப்புப் பலகையில் போன வருட விளையாட்டுப் போட்டி முடிவுகளை ஆழ்ந்து படித்துக்கொண்டு.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றேன்.

“எதுக்கு சார்?”

முகத்தில் கோபமில்லை. குரலில் கோபமில்லை. பக்கத்து ஊர்க்காரரிடம் வழி சொல்கிற மாதிரி. மரியாதையாக ஒரு நொடி காத்திருந்துவிட்டுப் போனாள். அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல், விடுதிப் பானையில். வேறொன்றுமில்லை. மழை. கணக்கு வாத்தியாரின் சாயம் சட்டைக் காலர் வரை இறங்கியிருந்தது. சிரிக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஞாயிறுதான் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் நாள். கடுகு அம்மாவிடம் பேசி முடித்த பிறகு, மனைவி எனக்குப் போன் போட்டாள்.

“பொண்ணு நல்லாப் பேசினா. நீங்க எல்லாரையும் சிரிக்க வைக்கறீங்களாம். ஸ்கூலே உங்களை நினைச்சுச் சிரிக்குதாம்.”

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டதும் நானே எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

“அது என்னோட சாக்ஸ்ங்க” என்றாள் கடைசியில். “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“தோணலை.”

“உங்களுக்குச் சிரிப்பு வரும்போது வேற எதுவுமே தோணாது. கல்யாணத்தன்னிக்கே பார்த்தேன். எங்க மாமா வழுக்கையைப் பத்தி மைக்ல பேசினீங்க.”

“மாமா சிரிச்சாரே!”

“மாமா இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்தாரா?”

வரவில்லை. நான் அவருக்கு மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

ஆறாம் மேசை!

சட்டையை இஸ்திரி போட்டேன். சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடுகின் இடத்தில் ஒரு ரெட்டைச் சடை உட்கார்ந்தது. முன்பல் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

“நீ எந்த மேசைம்மா?”

“பதினொண்ணு சார். மாத்திக்கிட்டோம். அவளுக்கு ஜன்னல் பக்கம்தான் சாப்பிடப் பிடிக்குமாம். ஒரு வாரத்துக்கு மட்டும்.”

பதினோராம் மேசைக்கும் ஜன்னலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது கைகழுவும் தொட்டிக்குப் பக்கம். ஒரு வாரத்துக்கு மட்டும். கடுகு கணக்கில் கெட்டிக்காரி. எந்த மேசைக்கு நான் எப்போது வருவேன் என்று அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் எண்ணியது வருவதற்கு, அவள் எண்ணியது போவதற்கு.

ரெட்டைச் சடை மூன்று முறை ரொட்டி கேட்டது. மூன்று முறையும் கொடுத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அடுத்த கூட்டத்தில் மேடையேறிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்து, அதை மின்கம்பத்திடம் ஒத்திகை பார்த்தேன். அவர் கடைசி வரை கேட்டார்.

“யோவ், வேண்டாம்.”

“ஏன்? உருக்கமா இல்லையா?”

“உருக்கமாத்தான் இருக்கு. ஆனா நீ மைக் பிடிச்சு சாக்ஸுன்னு சொன்னாலே கூடம் சிரிக்கும். உன் மூஞ்சி அப்படி. முதல் தடவை தெரியாம அடிச்சே. ரெண்டாவது தடவை தெரிஞ்சே அடிப்பியா?”

இந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. இத்தனை வருடம் பாடுபட்டு வளர்த்த முகம்.

ஜனவரி 22, வியாழன்

தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னால் நல்ல சேதியாக இருந்ததில்லை.

“உங்க பொண்ணு என்னைப் பார்க்க வந்தா. சித்தி வீட்டுல தங்கி, அங்கிருக்கிற பள்ளிக்கூடத்துல படிக்கறேன்னு கேக்கறா.”

என் மனைவியின் தங்கை வீடு. ரயிலில் ஒரு பகல் தூரம்.

“காரணம் சொன்னாளா?”

“இல்ல. கேட்டேன். ‘இங்க எல்லாரும் நல்லவங்கதான் மேடம்’னு சொன்னா. அதுக்கு மேல வாயைத் திறக்கல.”

நான் காரணத்தைச் சொன்னேன். விதியை மீறியது நான்தான் என்றேன். பிள்ளைகள் மீறினால் என்ன தண்டனையோ அதை எனக்கும் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்களுக்குத் தண்டனை குடுத்து அவளுக்கு என்ன ஆகப்போகுது? பார்வையாளர் ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன். அன்னிக்கும் போகணும்னு சொன்னா அனுப்பிடலாம். பிள்ளை தூங்காம இருக்கிறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

பிப்ரவரி எட்டு.

கிளம்பும்போது கேட்டேன், அதுவரை நான் என்ன செய்யட்டும் என்று.

“சும்மா இருங்க” என்றார். “உங்களால முடிஞ்சா.”

ஜனவரி 24, சனி

கூட்டத்தில் என் ஐந்து நிமிடம். மேடையேறி, தண்ணீர்த் தொட்டி கழுவப்படுவதால் நாளை குளியல் தாமதமாகும் என்று படித்துவிட்டு இறங்கினேன். பிள்ளைகள் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பாவம், பின்னாலிருந்த ஒருவன் ‘தொட்டி’ என்ற வார்த்தைக்கே சிரித்துப் பார்த்தான்.

ஜனவரி 26, திங்கள்

ஏழாம் மேசைக்கு நகர்ந்தேன். கடுகு ஆறாம் மேசைக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த மேசை, ஆனால் எனக்கு முதுகு காட்டி உட்காரும் நாற்காலி. மெலிந்திருக்கிறாள். காதோரம் பின்னல் சரியாக இல்லை. அவள் அம்மா பின்னுவாள், அம்மா இல்லாத பதினைந்து நாள் நான் பின்னினேன். நான் பின்னியதும் ஒன்றும் லட்சணமாக இல்லை. கயிறு திரிக்கிற மாதிரி இருக்கும். “அப்பா, இது பின்னலா, இல்ல கிணத்துக்கயிறா?” என்பாள்.

வீட்டுக்கு வந்து வானொலி போட்டேன். யாரோ மண்புழு உரம் பற்றி விரிவாகப் பேசினார்கள். முழுக்கக் கேட்டேன். மனிதக் குரல்.

ஜனவரி 29, வியாழன்

சனிக்கிழமை புதியவர் மாலை. புதுப் பிள்ளைகள் மேடையேறி எதையாவது செய்ய வேண்டும். பாட்டு, ஆட்டம், அல்லது வாத்தியார்களை நடித்துக் காட்டுவது. அன்று ஒருநாள் மட்டும் யாரையும் எப்படியும் கேலி செய்யலாம், மறுநாள் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

சைரன் சொன்னாள், கடுகும் பெயர் கொடுத்திருக்கிறாளாம். என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டால் “தெரியாது மிஸ்” என்கிறாளாம். தலையணை ஒன்று கடன் கேட்டிருக்கிறாள்.

தலையணை எதற்கு?

ஜனவரி 31, சனி

தலையணை எனக்கு. அதாவது என் தொப்பைக்கு.

மூன்று பாட்டும் ஒரு மாயாஜாலமும் முடிந்த பிறகு அவள் வந்தாள். சட்டைக்குள் தலையணை, மூக்கு நுனியில் கண்ணாடி, கால் இரண்டையும் அகட்டி ஒரு நடை. வாயே திறக்கவில்லை. இரண்டு எட்டு வைத்ததுமே கூடம் கத்தியது, “வார்டன் சார்!” எனக்குப் பக்கத்தில் மின்கம்பம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் அப்படியா நடக்கிறேன்? குழந்தைபெறப் போகிற வாத்து மாதிரி?

முதல் காட்சி சாப்பாட்டுக் கூடம். உட்காருகிறார். ரொட்டியைப் பிய்க்கிறார். யாருக்கோ ஒரு வேடிக்கை சொல்கிறார், யாரும் சிரிப்பதற்குமுன் தானே சிரித்துக்கொள்கிறார். பெஞ்செல்லாம் அதிர்ந்தது. பிறகு அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி எங்கோ பார்க்கிறார். உடனே பிடிபட்ட திருடனைப் போல் அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார். மறுபடி ரொட்டி. மறுபடி கழுத்து. மறுபடி மின்விசிறி. ஏதோ அதில் பழுது பார்க்க வந்தவர் மாதிரி ஆராய்கிறார். மூன்றாவது முறை பிள்ளைகள் சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் மின்விசிறியைப் பார்க்கிறேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

இரண்டாவது காட்சி. சாயங்கால நடை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். ஓரிடத்தில் நிற்கிறார். குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறார். கட்டிக்கொண்டே பக்கவாட்டில் மேலே எதையோ பார்க்கிறார். நிமிர்கிறார், நாலு அடி நடக்கிறார், திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி குனிந்து லேஸ் கட்டுகிறார். மறுபடி. கடைசியில் ஒரு காலைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

காலில் செருப்பு.

கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். தலைமையாசிரியை கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டிருக்கும். பிறகு சைரனைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

நான் தினமும் குனிகிற அந்த இடம் சின்னப் பெண்கள் விடுதிக்குக் கீழே. அவள் ஜன்னலுக்கு நேர் கீழே. இந்தக் குறிப்பேட்டில்கூட நான் அதை எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. அந்த ஜன்னலில் ஒருநாளும் யாரும் தென்பட்டதில்லை. ஆனால் செருப்பில் லேஸ் கட்டுகிற கோமாளியை ஒருத்தி ஒவ்வொரு சாயங்காலமும் பார்த்திருக்கிறாள். முதுகு காட்டி உட்கார்ந்தவள் நான் மின்விசிறியைப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறாள். எப்படி? எதில் பார்த்தாள்? கரண்டியிலா?

கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் தலையணையை உருவிக்கொண்டு குனிந்து வணங்கினாள். மூச்சு வாங்கியது. நிமிர்ந்தபோது நேராக என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் மைதானத்தில் எதிரே வந்தாள். கூட நாலைந்து தோழிகள். ‘நீங்க போங்கடி’ என்று அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நின்றாள்.

“சார், நேத்து ரொம்பப் பண்ணிட்டேனா?”

“இல்ல. லேஸ் ரெண்டு தடவை போதும், மூணாவது தடவை இழுவை. அப்புறம் நடை… நான் அவ்வளவு அகட்டியா நடக்கறேன்?”

“இன்னும் அகலம் சார். எனக்குக் கால் பத்தல.”

தூரத்தில் திரும்பிப் பார்த்த தோழிகளுக்குக் கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு உங்க மேல கோபம்” என்றாள். “இன்னும் போகல.”

“சரிம்மா.”

“போகறப்ப சொல்றேன் சார்.”

ஓடிவிட்டாள். இருபது நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் உண்மை. வீடு வரை அதை உடையாமல் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எனக்குப் புதுப் பெயர் விழுந்திருக்கிறது. ‘லேஸ்.’ ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன், பின்னாலிருந்து “லேஸ் அவிழ்ந்திருக்கு சார்” என்று ஒரு குரல். குனிந்து பார்த்துவிட்டேன்! செருப்பு. வகுப்பு உருண்டது.

சைரன் சொன்னாள், சாக்ஸ் என்ற பெயர் இப்போது யார் வாயிலும் இல்லையாம். எல்லாரும் என்னை நக்கலடிப்பதில் மும்முரம். பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பலியாடுதான் தேவை. ஆடு நன்றாகத் தின்று கொழுத்திருப்பதால் அவர்களுக்கு வசதி.

“தூங்கறாளா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம். விட்டு விட்டு.”

சித்தி வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, யாரும் பேசவில்லை. இன்னும் அஞ்சு நாள்.

பிப்ரவரி 7, சனி

நாளை அவள் வீட்டுக்கு வரலாம். வரலாம் என்றுதான் விதி. வர வேண்டும் என்று இல்லை. வீட்டைப் பெருக்கினேன். மின்கம்பம் எட்டிப் பார்த்து, “யாரு, ஆய்வாளரா வர்றாரு?” என்றார். ஆமாம் என்றேன். பேசாமல் போய் அவர் வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

போகிறேன் என்று சொன்னால் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. ரயிலில் நானே கொண்டுபோய் விட வேண்டும். வேடிக்கை எதுவும் சொல்லக் கூடாது. முக்கியமாக அது.

பிப்ரவரி 8, ஞாயிறு

வாசலெல்லாம் வண்டிகள். மரத்தடிகளில் ஜமக்காளம் விரித்து அம்மாக்களும் அப்பாக்களும். நான் சமையலறை ஜன்னலில் நின்று எல்லாரையும் பார்த்தேன். முட்டையும் உருளைக்கிழங்கும் ஆறிப்போயின. சூடு பண்ணினேன். மறுபடி ஆறின.

பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தாள். வாசலில் நின்று கேட்டாள்.

“உள்ள வரலாமா சார்?”

“இங்க எதுக்கு ‘சார்’?” என்றேன்.

யோசித்தாள். “பழகிடுச்சு” என்று செருப்பைக் கழற்றினாள்.

சாப்பிடும்போது பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. யார் யாரோடு பேசுவதில்லை, சைரன் தூக்கத்தில் எந்தப் பாட்டு முனகுவாள், கணக்கு வாத்தியாரின் சாயம் மழை நாளன்று எங்கெங்கே ஒழுகியது, அதைப் பார்த்து எந்த டீச்சர் என்ன சொன்னாள் – எனக்கே தெரியாத வம்பெல்லாம் அவளிடம் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். இரண்டு நல்ல வேடிக்கை நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கினேன். உருளைக்கிழங்கோடு சேர்ந்து இறங்கின.

சாப்பிட்டுவிட்டு மின்கம்பத்தின் நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சு பாதியில் நின்றது. தூங்கிவிட்டாள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல். நான் தட்டுகளைக்கூடக் கழுவவில்லை, சத்தம் வரும். வெளியே மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள்.

“ஐயோ, நாலு மணிக்குப் பந்து ப்ராக்டிஸ்! என்னப்பா நீ, எழுப்பக் கூடாது?”

அப்பா என்றாள். அவள் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காதவன் மாதிரி இருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த ஞாயிறு வரமாட்டேன், மேட்ச் இருக்கு. அதுக்கடுத்த ஞாயிறும் சந்தேகம்தான். பாக்கறேன்.”

“பார்த்துச் சொல்லு” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

ஓடினாள். சித்தி வீட்டுக்குப் போகிறவள் அடுத்த ஞாயிற்றுக்கு மேட்ச் வைத்துக்கொள்வாளா? கேட்கவில்லை நான். தட்டுகளைக் கழுவினேன். அவள் இருந்தபோது இருந்ததைவிட, போன பிறகு வீடு பெரிதாக இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வை என் முறை. ஆறாம் மேசையில் ஒரே கூச்சல். “யார் அங்க சத்தம்?” என்று அதட்டினேன். கூடம் முழுக்க அடங்கியது, கடுகின் குரலைத் தவிர. இன்னொரு முறை அதட்டியிருக்கலாம். மனம் வரவில்லை.